புது ஆளுக்கு ஒரு வாரம்

எருத்தேன்பதிப் பக்கம் ஒரு வாழைத் தோட்டம். குலை தள்ளிய மரங்கள் காற்றில் சாய ஆரம்பித்திருந்தன. வங்காளத்திலிருந்து வந்து இரண்டே நாளான பையனிடம் தோட்டத்துக்காரர் ஒரு கயிற்றுச் சுருளையும் அரிவாளையும் கொடுத்தார். சாய்ந்த மரங்களைக் காட்டி, “கட்டு தம்பி, எல்லாத்தையும் கட்டு” என்று சொல்லிவிட்டு மோட்டார் போடப் போய்விட்டார். திரும்பி வந்தபோது ஏழு மரங்கள் தரையில் கிடந்தன. பையன் எட்டாவது மரத்தருகே நின்றிருந்தான். கயிறு பிரிக்கப்படாமல் கிடந்தது. அவன் தாய்மொழியில் ‘காட்’ என்றால் வெட்டுவது. இந்தியிலும் அதேதான்.

“நஷ்டம் போகட்டுங்க. இந்தப் பசங்களுக்கு ஒண்ணுமே தெரியறதில்லீங்க” என்றார் தோட்டத்துக்காரர்.

“நீங்கள் சொல்லிக் கொடுத்தீர்களா?” என்று கேட்டேன்.

“தோட்ட வேலைல சொல்லிக் குடுக்கறதுக்கு என்னங்க இருக்குது?”

நல்ல மனிதர். வெட்டுப்பட்ட மரங்களுக்காகப் பையனின் கூலியில் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் கேட்ட அந்தக் கேள்வி இந்தியாவின் பெரும்பாலான வயல்களிலும் தோப்புகளிலும் நிலவும் எண்ணம். ஒரு மில்லில் புதிதாகச் சேருகிறவனுக்கு மெஷினைத் தொடும் முன் பயிற்சி உண்டு. வங்கியில் சேருகிறவருக்குப் பயிற்சிக் கல்லூரியே உண்டு. பண்ணையில் சேருகிறவனுக்கு மண்வெட்டிதான் உண்டு.

எருத்தேன்பதி, பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊராட்சி. கேரளம் என்றதும் நினைவுக்கு வரும் மழையும் ஈரமும் இங்கே குறைவு. கேரளத்தில் கரிசல் மண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் இந்தப் பக்கம்தான் வர வேண்டும். தென்னை, நிலக்கடலை, காய்கறி. பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தில் கேரளத்தின் பங்காக வரும் தண்ணீரை நம்பும் சித்தூர் வட்டத்தில், அது எட்டாத இடத்துக்கு ஆழ்துளைக் கிணறுதான் கதி. வீட்டிலும் வயலிலும் தமிழ். அரசுக் காகிதத்தில் மலையாளம். இப்போது தோப்புக் கொட்டகைகளில் வங்காளியும் இந்தியும் ஒரியாவும் சேர்ந்துகொண்டன.

இந்த மாற்றம் பாலக்காட்டுக்கு மட்டும் உரியதல்ல. கேரளத்தில் பிற மாநிலத் தொழிலாளர்கள் 25 லட்சத்துக்கு மேல் என்று திருவனந்தபுரத்தின் குலாத்தி நிதி, வரி ஆய்வு நிறுவனம் 2013-ல் மதிப்பிட்டது. காரணம் எளியது. ரிசர்வ் வங்கி வெளியிட்ட புள்ளிவிவரத்தின்படி, 2022-23-ல் கேரளக் கிராமங்களில் ஆண் விவசாயத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி 764 ரூபாய். தேசிய சராசரி 345. மத்தியப் பிரதேசத்தில் 229. உள்ளூர் இளைஞர்கள் கோவைக்கும் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்கும் வளைகுடாவுக்கும் போக, பாலக்காட்டு நெல் வயல்களில் வங்காளக் குழுக்கள் ஏக்கர் கணக்கில் ஒப்பந்தம் பேசி நாற்று நடுகின்றன. இடுக்கியின் ஏலத் தோட்டங்களில், கம்பம் - போடியிலிருந்து ஜீப்பில் வந்து போகும் தமிழர்களோடு ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்களும் காய் எடுக்கிறார்கள்.

இவர்கள் செய்யும் வேலைக்குப் புள்ளிவிவரக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘திறன் தேவையற்ற வேலை’. இந்தப் பெயரை வைத்தவர் ஒரு நாள் ஏலக்காய் எடுத்துப் பார்த்திருக்க மாட்டார். ஒரே சரத்தில் பிஞ்சும் முற்றியதும் கலந்து நிற்கும். உள்ளே விதை கறுத்துவிட்ட காயை, வெளியே பச்சையாக இருக்கும்போதே விரல் கண்டுபிடிக்க வேண்டும். பிஞ்சைப் பறித்தால் உலர் அறையில் சுருங்கி எடை போய்விடும். பழுக்க விட்டால் உலர்த்தும்போது வெடிக்கும். அந்தத் தேர்வை விரலுக்குப் பழக்க நாட்கள் ஆகும்.

சித்தூர் வட்டத்துக்கே உரிய தொழில் கள் இறக்குவது. கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் இங்கிருந்துதான் போகிறது. தென்னம்பாளையைக் கட்டி, நுனியைச் சீவி, நாள்தோறும் மெல்லத் தட்டித் தட்டிப் பதப்படுத்த வேண்டும். ஓங்கித் தட்டினால் பாளை கெட்டுவிடும். தட்டாமல் விட்டால் ஊறாது. இரண்டு, மூன்று வாரம் போன பிறகே சொட்டு விழ ஆரம்பிக்கும். அதுவரை ஏறி இறங்குவதெல்லாம் வரவில்லாத செலவு. அதை யாரும் நஷ்டம் என்று எழுதுவதில்லை. ஒரு பாளைக்கு மூன்று வாரம் பொறுக்கிற நாம், ஒரு மனிதனுக்கு மூன்று நாள் பொறுப்பதில்லை.

சொல்லிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதே தென்னையிலிருந்து ஓர் உதாரணம் சொல்லலாம். கேரளத்தில் மரம் ஏற ஆள் கிடைக்காமல் காய்கள் மரத்திலேயே காய்ந்தபோது, தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் ‘தென்னை மரத்தின் நண்பர்கள்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆறு நாள் பயிற்சி. கருவியைப் பூட்டி மரம் ஏறுவது, காயின் முற்றலைப் பார்ப்பது, கொண்டையைச் சுத்தம் செய்வது, வண்டு தாக்குதலைக் கண்டுபிடிப்பது எல்லாம் அதில் அடக்கம். ஏறும் கருவியும் விபத்துக் காப்பீடும் கொடுத்தார்கள். பெண்களும் கற்றுக்கொண்டு ஏறினார்கள். பரம்பரையாகச் சில குடும்பங்களுக்கே வரும் என்று நம்பப்பட்ட வேலையை, வெளியாள் ஆறு நாளில் தொடங்க முடிந்தது.

வாழை மரம் வெட்டுப்பட்டால் மறுபடி கன்று வைக்கலாம். எல்லாப் பிழைகளும் அப்படித் திருத்தக்கூடியவை அல்ல.

மொழிபெயர்ப்பை ஒரு தொழிலாகச் செய்கிறவன் என்ற முறையில் என்னைப் பல நாளாக உறுத்தும் ஒரு சொல் உண்டு: மருந்து. தமிழில் வயலுக்கு மருந்து அடிக்கிறோம். மலையாளத்திலும் மருந்துதான் அடிக்கிறார்கள். இந்தி பேசுகிறவர் ‘தவா’ தெளிக்கிறார். அதற்கும் பொருள் மருந்துதான். நோயாளிக்குக் கொடுப்பதற்கும் பூச்சியைக் கொல்வதற்கும் ஒரே சொல். இரண்டு நாள் முன்பு வந்தவனிடம் டப்பாவைக் கொடுத்து “மருந்து அடி” என்று சொல்லி, அதைச் சரியாக மொழிபெயர்த்தும் கொடுத்தால், அவன் காதில் விழுவது மருந்து. விஷம் என்ற செய்தி எந்த மொழியிலும் அவனுக்குப் போய்ச் சேரவில்லை.

டப்பாவில் எழுதியிருக்கிறதே என்று கேட்கலாம். எழுதியிருப்பது பொடி எழுத்து. அதுவும் அவன் படிக்கும் எழுத்தாக இருப்பது அபூர்வம். படிக்கத் தெரியாதவர்களுக்காகத்தான் 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் டப்பாவில் நிற முக்கோணத்தைக் கட்டாயமாக்கின. சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். மஞ்சள் அதற்கு அடுத்தது. நீலம் மிதமானது. பச்சை இருப்பதற்குள் குறைவானது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதையும் ஒருவர் சொல்லித்தர வேண்டும். சாலை விளக்கைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பச்சை என்றால் ‘போகலாம்’. மஞ்சள் என்றால் ‘கொஞ்சம் பார்த்துப் போகலாம்’. டப்பாவில் மஞ்சள் இருந்தால் அது உயிரை எடுக்கக்கூடிய சரக்கு.

2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்குப் பூச்சிக்கொல்லி தெளித்தவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். பலநூறு பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் பலர் கூலிக்குத் தெளிக்க வந்தவர்கள். அந்த ஆண்டு பருத்தி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. கீழ்நோக்கித் தெளிக்க வேண்டியதை மேல்நோக்கித் தெளித்தார்கள். காற்று அதை அவர்கள் முகத்துக்கே திருப்பிக் கொண்டுவந்தது. 2019 ஜனவரியில் கேரளத்தின் திருவல்லா அருகே நெல் வயலில் தெளித்த இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்கள் உள்ளூர்க்காரர்கள். மொழி தெரிந்தவர்களுக்கே இந்தக் கதி.

இன்னொன்று, பன்றிக்கு வைக்கும் மின் கம்பி. 2022 மே மாதம் பாலக்காடு முட்டிக்குளங்கரை முகாமைச் சேர்ந்த இரண்டு போலீஸ்காரர்கள், பக்கத்து நிலத்தில் காட்டுப் பன்றிக்காக வைத்த மின்பொறியில் சிக்கி இறந்தார்கள். அங்கேயே பணியாற்றிய போலீஸ்காரர்களுக்குத் தெரியாத கம்பி, நேற்று ரயிலில் இறங்கி இரவில் ஒதுங்க இடம் தேடிப் போகிறவனுக்கு எப்படித் தெரியும்? ஊர்க்காரன் இருட்டில் எந்த வரப்பில் நடக்கக் கூடாது என்பதைப் பிறந்ததிலிருந்து தெரிந்து வைத்திருக்கிறான். தெரிந்து வைத்திருக்கிறோம் என்பதே அவனுக்குத் தெரியாது. அதனால்தான் சொல்லவும் தோன்றுவதில்லை.

இதையெல்லாம் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியிருப்பது ஒரு வேடிக்கை. புது ஆளாகப் போய் இறங்குவது என்றால் என்ன என்பதை நம்மைவிட அறிந்தவர்கள் குறைவு. 19-ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கு நடந்தே போனவர்கள் நம்மவர்கள். மலேயாவின் ரப்பர் தோட்டத்துக்குக் கப்பல் ஏறியவர்களும், 1877-ல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்திடம் குத்தகைக்குப் பெற்ற கண்ணன் தேவன் மலைகளைப் பின்னால் தேயிலைக் காடாக்கியவர்களும் நம்மவர்கள். இலங்கைக்குப் போகிறவர்களுக்கு 1901-க்குப் பின் ஒரு தகர வில்லை கொடுக்கப்பட்டது. எந்தத் தோட்டத்துக்கு உரிய ஆள் என்பது அதில் எண்ணாகப் பொறிக்கப்பட்டிருக்கும். பெயருக்கு அதில் இடமில்லை.

அந்தத் தோட்டங்களில் புதிதாகச் சேர்ந்த வெள்ளைக்காரச் சின்னதுரைகளுக்கும் வேலை பழக வேண்டியிருந்தது. அவர்களுக்காகக் கொழும்பில் தமிழ்க் கையேடுகள் அச்சாயின. அவற்றில் ஒன்றின் பெயர் ‘இங்கே வா’. மேலே நிற்பவனுக்குக் கற்றுக்கொடுக்கப் புத்தகம் இருந்தது. கீழே நிற்பவனுக்கு அந்தப் புத்தகத்தின் தலைப்புதான் கிடைத்தது.

கீழே நின்றவனுக்கு இருந்த ஒரே துணை கங்காணி. கங்காணியை வில்லனாக மட்டுமே நமக்குத் தெரியும். ஆனைமலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பால் ஹாரிஸ் டேனியல் 1969-ல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 2007-ல் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்கு வந்த பிறகு அந்தச் சித்திரம் இன்னும் அழுத்தமாகப் பதிந்தது. சித்திரம் பொய்யல்ல. ஆனால் கங்காணி செய்த வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். அவர் ஊரிலிருந்து உறவும் பழக்கமுமான ஆட்களைக் கூட்டிப் போனார். லயத்தில் இடம் காட்டினார். துரை பேசுவதை இவர்களுக்கும் இவர்கள் பேசுவதைத் துரைக்கும் சொன்னார். கொழுந்து கிள்ளக் கற்றுக்கொடுத்தார். காய்ச்சல் வந்தால் கஞ்சிக்கு அரிசி கொடுத்தார். இவையெல்லாம் புதிய இடத்தில் ஒரு மனிதனுக்கு உண்மையிலேயே தேவையானவை.

கேடு எங்கே புகுந்ததென்றால், கூட்டிப் போனவரே கடன் கொடுத்தவர். வேலை சொல்லிக் கொடுத்தவரே பேரேடு எழுதியவர். முன்பணம், வழிச் செலவு, அரிசி, கம்பளி எல்லாம் அந்தப் பேரேட்டில் ஏறின. ஆள் வேலைக்கு நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று தோட்டம் கங்காணிக்குக் காசு கொடுத்தது. அப்புறம் அந்த ஆள் உடம்பு சரியில்லை என்று யாரிடம் சொல்வான்? கணக்கு தப்பு என்று யாரிடம் கேட்பான்? வழிகாட்டிய கையே கயிற்றையும் பிடித்திருந்தது.

கங்காணி போய்விட்டார். அவருடைய ஏற்பாடு போகவில்லை. இன்று பல தோப்புகளுக்கு ஆள் கொண்டுவருபவர் ஓர் ஏஜென்ட். பெரும்பாலும் முன்பு அதே வேலைக்கு வந்து மலையாளமோ தமிழோ பேசக் கற்றுக்கொண்டவர். கூலி அவர் கைக்குப் போகிறது. கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியை அவர் பட்டுவாடா செய்கிறார். ரயில் டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தையும் கழித்துக்கொள்கிறார். தோட்டத்துக்காரருக்கு ஆளின் பெயர்கூடத் தெரிவதில்லை. எல்லோரும் ‘பாய்’. கேரள அரசு இவர்களுக்கு ‘அதிதி தொழிலாளர்’ என்று, அதாவது விருந்தினர் என்று, அழகான பெயர் வைத்திருக்கிறது. விருந்தாளியின் பெயரைக் கேட்காத வீடு நம் பக்கம் எதுவும் இல்லை.

சட்டம் இதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர்களுக்கான 1979-ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தக்காரர் மூலம் வரும் ஒவ்வொருவருக்கும் புகைப்படம் ஒட்டிய ஒரு கைப்புத்தகம் தர வேண்டும் என்றது. வேலை இடம், காலம், கூலி, பிடித்தம் எல்லாம் இந்தியிலும் ஆங்கிலத்திலும், அவனுடைய மொழி வேறாக இருந்தால் அந்த மொழியிலும் எழுதப்பட வேண்டும் என்றது. அந்தச் சட்டத்தை 2020-ல் நிறைவேறிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு தன்னுள் எடுத்துக்கொண்டது. நான் பார்த்த தோப்புகளில் யாருடைய பையிலும் அந்தக் கைப்புத்தகம் இருந்ததில்லை.

எருத்தேன்பதி மக்களுக்கு இதன் அருமை புரியும். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தங்கள் மொழியில் எழுதிப் பதில் பெறலாம் என்கிறது. அந்த உரிமை காகிதத்திலிருந்து கைக்கு வருவதற்கு மனு எழுதி எழுதிச் சலித்தவர்கள் எல்லைத் தமிழர்கள். தனக்கு வாசிக்க வராத எழுத்தில் கையெழுத்துப் போடுவதன் அவமானம் அவர்களுக்குத் தெரியும். அதே அவமானத்தைத் தங்கள் கொட்டகையில் படுத்திருக்கும் பையனுக்கு அவர்கள் தரலாமா?

என்ன செய்யலாம்? பெரிய திட்டம் வேண்டியதில்லை. ஒரு வாரம் போதும்.

முதல் நாள் வேலை வேண்டாம். தோட்டத்தைச் சுற்றிக் காட்டுங்கள். குடிக்கும் தண்ணீர் எது, மோட்டார் தண்ணீர் எது, கக்கூஸ் எங்கே, பக்கத்து நிலத்தின் மின்வேலி எங்கே, பாம்பு அடையும் மட்டைக் குவியல் எங்கே, இரவில் போக டார்ச் எங்கே என்று கையைப் பிடித்துக் காட்டுங்கள். பெயரைக் கேட்டு, அந்தப் பெயரால் கூப்பிடுங்கள். கூலி எவ்வளவு, எந்த நாளில், யார் கையில் என்பதை ஏஜென்ட் இல்லாதபோது நேரடியாகச் சொல்லுங்கள். அவன் மொழியில் எழுதிக் கொடுக்கப் படித்த பிள்ளைகள் எந்த ஊரிலும் உண்டு. கைபேசியில் மொழிபெயர்க்கும் வசதியும் உண்டு. அடிபட்டாலோ எதுவும் கடித்தாலோ அழைக்க வேண்டிய 108-ஐயும் தோட்டத்தின் முகவரியையும் சுவரில் எழுதி வையுங்கள்.

அடுத்த நாட்களில் ஏற்கெனவே வேலை தெரிந்த ஒருவரோடு ஜோடி சேர்த்து விடுங்கள். சொல்லிக் கொடுப்பவருக்கு அந்த வாரம் வேலை குறையும். அதற்காகக் கூலியைக் குறைக்காதீர்கள். முடிந்தால் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். அவர் ஏஜென்டாகவோ கடன் கொடுத்தவராகவோ இருக்கக் கூடாது என்பது முக்கியம். பூச்சிக்கொல்லி பக்கம் அந்த வாரம் விடவே வேண்டாம். பின்னால் விடும்போது, மருந்து என்ற சொல்லைக் கைவிட்டு விஷம் என்று சொல்லுங்கள். ‘விஷ்’ என்றால் வங்காளிக்கும் புரியும், இந்திக்காரருக்கும் புரியும். கோடையில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை கூடாது என்று கேரளத் தொழிலாளர் துறை ஆண்டுதோறும் உத்தரவு போடுகிறது. புது ஆளுக்கு அந்த உத்தரவு தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

“அப்படிச் சொல்லிக் கொடுத்தா, அடுத்த மாசம் பத்து ரூபா கூடக் கெடைக்குதுன்னு பக்கத்துத் தோப்புக்குப் போயிருவானுங்களே?” என்று கேட்பார்கள். நியாயமான பயம். போவார்கள்தான். கங்காணி முறையின் பேரேடு இந்தப் பயத்துக்குக் கண்டுபிடித்த மருந்துதான். ஓடாமல் இருக்கக் கடனில் கட்டி வைப்பது. நூறு ஆண்டுக்கு மேல் அந்த மருந்தைச் சாப்பிட்ட வம்சம் நாம். கற்றவன் பக்கத்துத் தோப்புக்குப் போனால், அங்கே கற்ற இன்னொருவன் இங்கே வருவான். எல்லாத் தோப்பிலும் சொல்லிக் கொடுத்தால் எந்தத் தோப்புக்கும் நஷ்டமில்லை. ஒரு தோப்பிலும் சொல்லிக் கொடுக்காவிட்டால் எல்லாத் தோப்பிலும் வாழை சாயும்.

கேரள எழுத்தறிவு இயக்கம் 2017-ல் பெரும்பாவூரில் ‘சங்ஙாதி’ என்ற திட்டத்தில் பிற மாநிலத்தவருக்கு மலையாளம் கற்பிக்கத் தொடங்கியது. சங்ஙாதி என்றால் தோழன். அதற்கான பாடப் புத்தகத்தின் பெயர் ‘ஹமாரி மலையாளம்’, நம்முடைய மலையாளம். ‘இங்கே வா’ என்ற பெயரிலிருந்து இந்தப் பெயருக்கு வர நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. புத்தகம் எல்லாத் தோப்புக்கும் வந்து சேராது. தோழன் வரலாம்.

இரண்டு மாதம் கழித்து அந்த வாழைத் தோட்டத்துக்கு மறுபடி போயிருந்தேன். அந்தப் பையன் அங்கேயே இருந்தான். புதிதாக வந்த இன்னொரு பையன் பக்கத்தில் நின்றான். முதல் பையன் ஒரு மரத்துக்கு முட்டுக் கொடுத்து, கயிற்றை இரண்டு சுற்று சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டுக் காட்டினான். “கட்டு” என்றான். பிறகு அவர்கள் மொழியில், “பாந்தோ” என்றான். அரிவாளை எடுத்துக் காட்டித் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான்.

தோட்டத்துக்காரர் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடும் அசைந்தது. “பாந்தோ” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.